காற்று தடுத்த பயணமும் கப்பல் கட்டணமும்

தேவாரத்தில் ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பின் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்கப்பட்டது. கேட்டவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் வாலிபர்; அவருடைய தகப்பனாரும் உடன் வந்திருந்தார். தாய் தகப்பனைக் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு உல்லாசக் கப்பலில் அழைத்துச் சென்றிருக்கிறார். அத்தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருப்பதால் பெரிய கப்பல் கரையை அணுக முடியாது. வெளியே நங்கூரம் பாய்ச்சி, சிறு படகுகளில்தான் பயணிகளை இறக்க வேண்டும். அன்று காற்றும் அலையும் அதிகம். படகை இறக்க வழியில்லாமல், தீவின் தென்னைகளைத் தூரத்தில் காட்டிவிட்டுக் கப்பல் திரும்பிவிட்டது. கம்பெனி துறைமுகக் கட்டணம் என்று ஒரு சிறு தொகையைத் திருப்பித் தந்தது. மற்றதற்கு, ஓராண்டுக்குள் மறுபடி பயணம் செய்தால் தள்ளுபடி என்று ஒரு சீட்டு அனுப்பியது.

“ஹஜ்ரத், காற்றை அனுப்பியவன் அல்லாஹ். அதற்காகக் கம்பெனிக்காரனிடம் காசு கேட்பதா? ஸபுர் செய்ய வேண்டாமா?” என்றார் தகப்பனார்.

“அத்தா சும்மா இருக்கச் சொல்றாங்க. நான் புகார் எழுதி அனுப்பிட்டேன். வெறும் புகாருக்கு மதிப்பிருக்காதுன்னு, கப்பல் சாப்பாட்டால அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமப் போச்சுன்னு ஒரு வரி சேர்த்திருக்கேன்” என்றார் மகன். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் அவரே சொன்னார்.

(இத்தகைய கப்பல்களில் சூதாட்டக் கூடமும் மது விற்பனையும் இருப்பது தெரிந்த விஷயம். அதைப் பற்றி அவரிடம் தனியாகப் பேசினோம். இங்கே அது வேண்டாம்.)

தகப்பனாரின் பேச்சில் பக்தி இருக்கிறது. ஆனால் இரண்டு கணக்குகள் அதில் கலந்துவிட்டன. ஸபுர் என்பது அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள கணக்கு. கட்டணம் என்பது அடியானுக்கும் அடியானுக்கும் உள்ளது. காற்று வீசியதற்காகக் கப்பல் கேப்டனைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. உயிர்களைக் காக்க அவர் திரும்பியது வாஜிபான காரியம். குற்றம் நீங்கியதால் கடனும் நீங்கிவிடுமா என்பதுதான் கேள்வி. பசியால் உயிர் போகும் நிலையில் உள்ளவன் பிறருடைய உணவை எடுத்து உண்ணலாம், பாவமில்லை. ஆனாலும் அதன் கிரயத்தை அவன் கொடுத்தாக வேண்டும். நிர்ப்பந்தம் அடுத்தவருடைய ஹக்கை அழித்துவிடாது என்ற இந்த விதியை, 1876இல் நிறைவு பெற்ற உதுமானிய மஜல்லா சட்டத் தொகுப்பு தன் 33ஆவது விதியாக வைத்திருக்கிறது.

மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இது புதிதல்ல. 2024 கோடையில் இடுக்கி ஏலத்தோட்டங்கள் கருகியபோது, மகசூலை முன்னமே விலைபேசி வாங்கியிருந்தவர்களின் நிலை என்ன? ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று உண்டு. விற்ற கனிகளை ஆபத்து அழித்துவிட்டால் வாங்கியவரிடம் விலையைப் பெறுவது ஆகுமானதல்ல என்றும், எந்த உரிமையில் சகோதரனின் பொருளை எடுப்பாய் என்றும் அதில் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்கிறார்கள். மாலிகீ, ஹன்பலீ இமாம்கள் இதைக் கட்டாயச் சட்டமாகவே எடுத்தார்கள். நம் ஹனஃபி இமாம்கள், பொருள் கைக்கு வந்தபின் நேர்ந்த நஷ்டத்துக்கு விட்டுக்கொடுப்பதை நற்செயல் என்ற அளவில் வைத்தார்கள். ஆயினும் இஜாராவில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், நம் நூல்களும் கண்டிப்பானவை. சரக்கேற்றிச் சென்ற கப்பலைக் காற்று புறப்பட்ட இடத்துக்கே தள்ளிக்கொண்டுவந்துவிட்டால், சரக்கு ஒப்படைக்கப்படாததால் கப்பல்காரனுக்குக் கூலி இல்லை என்பது அவற்றில் உள்ள மஸ்அலா.

அப்படியானால் முழுப் பணத்தையும் கேட்கலாமா? அதுவும் நியாயமல்ல. சரக்கு வேறு, மனிதன் வேறு. இவர்கள் கப்பலில் தங்கினார்கள், உண்டார்கள், உறங்கினார்கள். அந்தப் பலன் கிடைத்தது. கிடைக்காதது தீவு. மலைத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பை எண்ணிப் பாருங்கள். போடிமெட்டுச் சாலையில் பாறை சரிந்து பாதி வழியில் திரும்ப நேர்ந்தால், நியாயமான டிரைவர் முழு வாடகையும் கேட்கமாட்டார். ஏறியவர்களும் டீசல் செலவைக்கூடத் தரமாட்டோம் என்று சொல்லமாட்டார்கள்.

கம்பெனி தன் ஷர்த்தைக் காட்டும்: எந்தத் துறைமுகத்தையும் விட்டுச்செல்ல எங்களுக்கு உரிமை உண்டு, நஷ்ட ஈடு இல்லை என்று. முஸ்லிம்கள் தம் ஷர்த்துகளுக்குக் கட்டுப்பட்டவர்கள்தாம். ஹராமை ஹலாலாக்கும் ஷர்த்து மட்டும் அதற்கு விலக்கு. விட்டுச்செல்லும் உரிமை சரி. ஆனால் விளம்பரத்தில் தீவைப் பெரிதாக அச்சிட்டு, ஷர்த்தைப் பொடி எழுத்தில் ஒளித்துவைப்பது என்ன வியாபாரம்? மேலே காய்ந்த தானியத்தையும் அடியில் நனைந்ததையும் வைத்து விற்றவரின் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்துக் கண்டித்த சம்பவம் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற ஒன்று உண்டென ஒப்புக்கொள்கிறது. இரண்டாண்டுகளுக்குள் புகார் செய்யலாம். குடியிருக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம்.

காரணம் காற்றாக இல்லாவிட்டால் கணக்கும் மாறும். 2013 பிப்ரவரியில் மெக்ஸிகோ வளைகுடாவில் ‘கார்னிவல் டிரையம்ஃப்’ கப்பலின் என்ஜின் அறையில் தீப்பிடித்து, நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாட்கணக்கில் கடலில் தவித்தனர். கம்பெனி முழுக் கட்டணத்தையும் திருப்பித் தந்ததோடு, ஆளுக்கு 500 டாலரும் கொடுத்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து சென்ற உல்லாசக் கப்பலுக்குப் புதுச்சேரியில் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. இம்மாதிரி விஷயத்தில், சீட்டு விற்றபோது அனுமதி கையில் இருந்ததா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

அடுத்து, அந்தத் தள்ளுபடிச் சீட்டு. பணமாகத் தரவேண்டிய ஒன்றை வேறொன்றாக மாற்றுவதற்குக் கடன் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். மகன் சம்மதித்தால் அது ஒப்பந்தம். அவரைக் கேட்காமலே அனுப்பினால், கடன் அப்படியே நிற்கிறது.

இனி மகன் சேர்த்த அந்த வரி. 1880இல் பினாங்கிலிருந்து ஜித்தாவுக்குப் புறப்பட்ட ‘ஜித்தா’ என்ற கப்பலில் ஏறத்தாழ 950 ஹாஜிகள் இருந்தனர். அதன் சொந்தக்காரர்கள் சிங்கப்பூர் முஸ்லிம் வணிகர்களே. புயலில் கப்பலுக்குள் நீர் புகுந்ததும், கேப்டனும் அதிகாரிகளும் ஹாஜிகளை விட்டுவிட்டுப் படகில் தப்பினர். ஏடன் வந்துசேர்ந்து, கப்பல் மூழ்கிவிட்டது, ஹாஜிகள் தங்களைத் தாக்க வந்தார்கள் என்று சொன்னார்கள். மறுநாளே ‘ஆன்டெனர்’ என்ற கப்பல், மூழ்காத அந்தக் கப்பலை ஹாஜிகளோடு இழுத்துக்கொண்டு ஏடனுக்குள் வந்தது! விசாரணையில் கேப்டனின் சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கு முடக்கப்பட்டது. புயலும் மெய், நீர் புகுந்ததும் மெய். அவற்றோடு ஒட்டவைத்த பொய்யினால் மெய்யையும் யாரும் கேட்கவில்லை.

“கம்பெனி பெரிசு, ஒரு வரியால அவனுக்கு என்ன குறைஞ்சிடும்?” என்று கேட்டார் மகன். கம்பெனிக்கு இருக்கட்டும், அந்தச் சாப்பாட்டைச் சமைத்த கூலியாளுக்குக் குறையும் என்றோம். அவனுடைய பெயரும் வேலையும் அந்த வரியில் தொங்குகின்றன. அவர் சற்று நேரம் பேசவில்லை.

தகப்பனார் விடவில்லை. “என் பங்கையாவது நான் மன்னிச்சுடலாமா, ஹஜ்ரத்?” என்றார். பணம் கட்டியது யார் என்று கேட்டோம். மகன்தான். அப்படியானால் மன்னிக்கும் உரிமையும் மகனுக்கே என்றதும், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று அஸருக்கு முன் மகன் இரண்டாவது கடிதம் அனுப்பினார். முந்திய கடிதத்தில் தாயாரின் உடல்நிலை பற்றி எழுதியது உண்மையல்ல என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார். இறங்காத தீவுக்குரிய தொகையைப் பணமாகவே கேட்டிருந்தார். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.