யாருடைய தர்மம்?

படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று விடியும்வரை. தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து புண்ணாகும். எலும்புவரை இறங்கிவிட்ட படுக்கைப் புண்ணை ஆற்றுவது மருத்துவருக்கே பெரும்பாடு. புரட்டுவதற்கு உடல்பலம் மட்டும் போதாது. எந்தத் தோளுக்குக் கை கொடுப்பது, சிறுநீர்க் குழாய் இழுபடாமல் எப்படித் திருப்புவது, மறதி நோயில் கையை ஓங்குகிற பெரியவரிடம் எந்தக் குரலில் பேசுவது என்று எல்லாம் பழகிப் பழகி வரும் அறிவு. முதியோர் இல்லங்களில் இந்த அறிவோடு இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் ஆயாக்கள். பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் ஏழைப் பெண்கள்.

அவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு: "இது புண்ணியக் காரியம், காசுக்காகச் செய்கிற வேலையா?" கேட்பதற்கு உயர்வாக இருக்கும் இந்தப் பதிலை ஒருமுறை நிறுத்தி விசாரிக்க வேண்டும். புண்ணியம் யாருக்குச் சேர்கிறது, அதற்கான செலவை யார் ஏற்கிறார்கள்?

இந்தக் கேள்வியை நூற்பாலை ஊரான ராஜபாளையத்தை வைத்தே பார்க்கலாம். கூலியைப் பற்றி ஒன்றும் அறியாத ஊர் அல்ல அது. 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டதிலிருந்து நூற்பாலையும் சங்கமும் பஞ்சப்படியும் அந்த ஊரின் அன்றாடப் பேச்சு. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாட்டின் பல மருத்துவமனைகளுக்குப் போகிறது. அந்த விசைத்தறித் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்திப் போராடிய வரலாறும் உண்டு. துணி நெய்தவருக்குக் கூலி பேச ஒரு வழி இருக்கிறது. அந்தத் துணியால் புண்ணைக் கட்டுகிறவருக்கு இல்லை. காரணம் எளிது. தறி நின்றால் துணிதான் தேங்கும். ஆயா ஓர் இரவு வராவிட்டால் ஒரு கிழவி ஈரத்திலேயே விடியும்வரை கிடப்பாள். அது ஆயாவுக்குத் தெரியும், நிர்வாகிக்கும் தெரியும். அவளால் நிறுத்த முடியாததற்குக் காரணம் அவளுடைய நல்ல மனசு. அந்த நல்ல மனசே அவள் சம்பளத்தைக் குறைவாக வைத்திருக்க உதவுகிறது. நல்லவராக இருப்பதற்காக ஒருவருக்குக் குறைத்துக் கொடுக்கும் ஏற்பாட்டை எந்த அறநூலை வைத்து நியாயப்படுத்துவது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு நாள் வேலைக்கு 2025-26-ஆம் ஆண்டில் தமிழகத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். இது நியாயமான கூலி என்று எவரும் சொல்லமாட்டார்கள். குளம் வெட்டவும் வரப்புப் போடவும் கொடுக்கப்படும் அடிமட்டத் தொகை என்றே வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 336 என்றால் மணிக்கு 42 ரூபாய். முதியோர் பராமரிப்பில் பன்னிரண்டு மணி நேர டூட்டி சாதாரணம். எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். ஆக 336-ம், கூடுதல் நான்கு மணி நேரத்துக்கு 336-ம் சேர்ந்து நாளுக்கு 672 ரூபாய். இருபத்தாறு நாளுக்கு 17,472 ரூபாய். உணவும் தங்குமிடமும் தருகிறோம் என்பது வழக்கமான சமாதானம். 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, பொருளாகக் கொடுப்பதில் மொத்த ஊதியத்தின் 15 சதவீதம்வரைதான் கூலியாகக் கணக்கிட இடம் தருகிறது. தங்குமிடத்தின் மதிப்பைக் கூலியில் சேர்க்கவே முடியாது.

அந்தக் கணக்கில் வருவதில் பாதியை மட்டும் ஓர் இல்லம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி எட்டாயிரத்துச் சொச்சம் மாதாமாதம் எங்கே போகிறது? இல்லத்துக்குத்தான் போகிறது. அப்படியானால் அந்த இல்லத்தின் பெரிய நன்கொடையாளர்களில் ஒருவர் ஆயா. பிறந்தநாளுக்கும் திதிக்கும் ஒருவேளைச் சாப்பாடு போடுகிறவர்களின் பெயர் பலகையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் கொடுக்கும் அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. அதைவிட முக்கியம், கொடுக்கச் சம்மதமா என்று அவளை எவரும் கேட்டதில்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டது எப்படித் தானமாகும்?

தொண்டுக்கும் வேலைக்கும் நடுவே உள்ள கோடு புதிதாகப் போட வேண்டிய ஒன்றல்ல. 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தபோது, நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தரும நிறுவனங்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். லாபம் ஈட்டி அதைத் தர்மத்துக்குத் திருப்புபவை ஒரு வகை. லாபமின்றி ஏழைகளுக்குச் சேவை தந்தாலும் மற்ற இடங்களைப் போலவே ஆட்களைக் கூலிக்கு வைத்துக்கொள்பவை இரண்டாம் வகை. அங்கே வேலை செய்பவர்களே அந்த இலட்சியத்தில் பங்குகொண்டு, கூலிக்காக அன்றி உழைக்கும் இடங்கள் மூன்றாம் வகை. முதல் இரண்டுக்கும் தொழில் தகராறுச் சட்டம் பொருந்தும், மூன்றாவதற்குப் பொருந்தாது என்றது தீர்ப்பு. துறவற சபையைச் சேர்ந்த சகோதரி ஒருவர் நோயாளியைக் குளிப்பாட்டுவது மூன்றாம் வகை. அவருக்கு வயதாகும்போது சபை பார்த்துக்கொள்ளும். மம்சாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக வரும் பெண் அந்த வகையில் அடங்கமாட்டாள். இருவரும் செய்வது ஒரே பணிவிடைதான், ஒரே பரிவோடும் செய்யலாம். ஆனால் முன்னவர் தன் வாழ்க்கையைத் தானே கொடுத்தார்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு இந்தப் பாகுபாட்டைக் கரைத்துவிட்டது. தரும, சமூகசேவை அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் 'தொழில்' என்ற வரையறைக்கு வெளியே அது நிறுத்துகிறது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்போ குறைந்தபட்சக் கூலியை எல்லா வேலைகளுக்கும் விரிக்கிறது. ஆக ஆயாவுக்குக் கூலியில் உரிமை உண்டு, அதற்காகச் சேர்ந்து நின்று வழக்காடும் வழி ஒடுங்கிவிட்டது. சிறிய இல்லங்களில் நிலைமை இன்னும் மோசம். பொதுவாக ஈ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேரும் பி.எஃப்.க்கு இருபது பேரும் வேண்டும் என்பதால் அங்கே இரண்டுமே இல்லாமல் போகிறது. இருபது வருடம் முதியோரைத் தூக்கித் தூக்கி முதுகு போன பெண்ணுக்குத் தன் முதுமைக்கென்று ஒரு ரூபாய் சேர்ந்திருக்காது.

எதிர்வாதம் பலமானது, அதை ஒதுக்க முடியாது. ஆதரவற்றோரை இலவசமாகப் பார்க்கும் ஓர் இல்லம் முழுக் கூலி கொடுக்கத் தொடங்கினால் மூடவேண்டி வரலாம். மூடினால் அங்கிருப்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துக்கும் கோயில் வாசலுக்கும்தான் திரும்புவார்கள். ஆயாவின் குறைந்த கூலியா, கிழவரின் தெருவா என்று கேட்டால் எந்த மனிதருக்கும் நெஞ்சு தடுமாறும். ஆனால் இந்தக் கேள்வி ஏன் எப்போதும் ஆயாவிடம் மட்டும் கேட்கப்படுகிறது? அரிசிக்கடைக்காரரிடமோ மின்வாரியத்திடமோ பாதிவிலைக்குத் தரும்படி எவரும் கேட்பதில்லை. 1983-இல் சஞ்சித் ராய் வழக்கில் ராஜஸ்தான் அரசு இதே வாதத்தைத்தான் வைத்தது: இது பஞ்ச நிவாரண வேலை, பட்டினி கிடப்பவர்களுக்காகச் செய்வது, முழுக் கூலி எதிர்பார்க்கக் கூடாது. நிவாரணம் என்ற பெயரில் ஒருவரின் உழைப்பைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வாங்குவது அரசியல் சாசனம் தடைசெய்த கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிறுவியவரும் மேலாளரும் ஆயாவும் ஒரே அளவு எடுத்துக்கொண்டு, கணக்கைச் சுவரில் ஒட்டி, இல்லாமையைப் பங்கிட்டுக்கொள்ளும் இல்லம் உண்மையிலேயே வேறு. அதை மதிக்கலாம். அங்கேயும் ஆயாவுக்குக் கொடுபடாத கூலி கடன்தான், அது தீரவேண்டியதுதான்.

தர்மத்துக்குள் கூலியைச் சேர்ப்பது நம் மரபுக்குப் புதிதுமல்ல. வீரராசேந்திர சோழன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டில், காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில் பதினைந்து படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, இருந்தது. அதைச் சொல்லும் கல்வெட்டு எண்ணெயையும் மருந்தையும் எழுதியதோடு நிற்கவில்லை. மருத்துவருக்கும், அறுவை செய்பவருக்கும், மருந்து சேர்த்துக் கொடுக்கும் பெண்களுக்கும் இத்தனை நெல், இத்தனை காசு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. பணிவிடை செய்யும் பெண்ணின் கூலியை ஒதுக்காமல் அறக்கட்டளை முழுமையாகாது என்று அன்றே எண்ணியிருக்கிறார்கள்.

நம் காலத்திலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. நியூசிலாந்தில் கிறிஸ்டின் பார்ட்லெட் என்ற பராமரிப்புப் பணியாளர், இருபது வருட வேலைக்குப் பிறகும் மணிக்கு 14.46 டாலரே பெற்றவர், 2012-இல் வழக்குத் தொடுத்தார். பெண்கள் செய்யும் வேலை என்பதாலேயே இது மலிவாக வைக்கப்பட்டிருக்கிறது என்பது அவர் வாதம். 2017-இல் அரசு ஏறத்தாழ 55,000 பணியாளர்களுக்காக ஐந்தாண்டுகளில் 200 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அங்கே பெரும்பாலான இல்லங்களுக்கு நிதி தருவது அரசு, ஆகவே பணமும் அங்கிருந்தே வந்தது. இங்கே 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் ஆதரவற்றோருக்கு மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேருக்கான இல்லம் பற்றிப் பேசுகிறது, அங்கே பார்த்துக்கொள்பவரின் கூலியைப் பற்றிப் பேசவில்லை.

இலவச இல்லங்களைப் பற்றி மேற்சொன்ன தயக்கம் எதுவும் கட்டணம் வாங்கும் இல்லங்களுக்குப் பொருந்தாது. சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். இன்னும் குறைவாகக் கிடைக்குமா என்று விசாரிப்பவர்கள், அந்தத் தொகையில் இரவில் விழித்திருப்பவளுக்கு எவ்வளவு போகிறது என்றும் விசாரிக்கலாம். அதே 336 ரூபாய் அடிமட்டத்தை வைத்தே பார்த்தாலும், பன்னிரண்டு மணி நேர டூட்டி இரண்டுக்குச் சட்டப்படி நாளுக்கு 1,344 ரூபாய் ஆகிறது. எட்டு மணி நேர ஷிப்ட் மூன்றுக்கு 1,008 ரூபாய்தான். ஒரு ஷிப்டில் எட்டு முதியவர்களுக்கு ஓர் ஆயா என்றால் மாதம் ஒரு முதியவருக்கு 3,780 ரூபாய். கூலியை ஒன்றரை மடங்காக்கினாலும் 5,670. நீண்ட டூட்டி மலிவாகத் தெரிவதற்கு ஒரே காரணம், கூடுதல் மணி நேரத்துக்கு எவரும் கொடுப்பதில்லை என்பது. மூன்று ஷிப்ட் ஓட்டுவதும், வேலை முடிந்த பெண்களை மில் பஸ்ஸில் வீடு சேர்ப்பதும் ராஜபாளையத்துக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.