உண்டியில் அளவறிதல்

சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்து அனைவரும் எழும் வேளையில் இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, என் உடல் பருத்துவிட்டது. எடையைக் குறைக்க வேண்டுமென்று மருத்துவர் சொல்கிறார். நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். நடக்கிறோமே என்ற தைரியத்தில் வழக்கம்போல் உண்கிறேன். எடை இறங்கவில்லை. இனி நடையைக் கூட்டுவதா, சோற்றைக் குறைப்பதா?" என்றார். அருகில் நின்றோர் சிலர் நகைத்தனர். "மருத்துவரைக் கேட்க வேண்டியதைத் தம்ம சபையில் கேட்கிறாயே, தம்பி!" என்றார் ஒரு பெரியவர்.

எனக்கு நகைப்பு வரவில்லை. பகவன் புத்தரின் திருமுன்னரே ஒருவர் இத்தகைய உடலோடு வந்து நின்றதுண்டு. அவர் சாதாரண மனிதர் அல்லர். கோசல நாட்டு மன்னர் பசேனதி. அவ்வரலாறு சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. மன்னர் ஒரு துரோண அளவு அரிசிச் சோற்றை உண்டுவிட்டு, மூச்சு வாங்க வந்து பகவனை வணங்கி அமர்ந்தார். அவரது நிலையைக் கண்ட பகவன் அவரைக் கடிந்துகொள்ளவுமில்லை. பட்டினி கிட என்று பணிக்கவுமில்லை. உண்ணும்போது விழிப்போடிருந்து அளவறிந்து உண்பவனுக்குத் துன்பங்கள் மெலியும், மூப்பு மெல்ல வரும், ஆயுள் காக்கப்படும் என்னும் கருத்தமைந்த ஒரு சிறு பாடலை மட்டும் கூறினார். மன்னர் பின்னால் நின்ற சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை அதை மனனம் செய்யச் சொல்லி, தாம் உண்ணும்போதெல்லாம் ஓதுமாறு பணித்து, அதற்கு நாள்தோறும் 100 கஹாபணம் ஊதியம் வகுத்தார். படிப்படியாகக் குறைந்து, மன்னரின் உணவு ஒரு நாழி அளவில் வந்து நின்றது. உடல் இளைத்து இலேசான பின்னர் அவர் தம் கைகால்களைத் தடவிப் பார்த்து, இம்மை நலம், மறுமை நலம் ஆகிய இரண்டிலும் பகவன் எனக்கு இரங்கினார் என்று மகிழ்ந்து கூறினாராம்.

ஆகவே, இக்கேள்வி தம்மத்துக்குப் புறம்பானது என்று எவரும் கருத வேண்டா. ஆனால் இதன் தம்மப் பொருளை அறிய முதலில் இதன் உலகியல் கணக்கை அறிய வேண்டும். கணக்கறியாத அறவுரை வெறும் வாய்ச்சொல்லாகும்.

உணவின் ஆற்றலைக் கலோரி என்னும் அலகால் அளக்கின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்பவராயின் அவருக்கு நாளொன்றுக்கு 2110 கலோரி தேவை. நடுத்தர உழைப்பாளிக்கு 2710. கடும் உழைப்பாளிக்கு 3470. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இம்மூன்றும் முறையே 1660, 2130, 2720 ஆகும்.

இந்த எண்களைப் படித்தபோது என் வாழ்க்கையையே ஏட்டில் கண்டதுபோல் இருந்தது. நூற்பாலையில் நான் வேலை செய்த ஆண்டுகளில் எட்டு மணி நேரமும் நிற்பதும் நடப்பதும் அறுந்த நூலை ஒட்டுவதுமாக இருந்தேன். தூக்குவாளி நிறையச் சோறு கொண்டுபோவேன். அது எங்கே போயிற்றென்று தெரியாது. ஆலை வேலை நின்று, தம்மம் உரைக்கும் பணியில் அமர்ந்த பின்னர், என் நாளில் பெரும்பகுதி படிப்பதிலும் பேசுவதிலும் பேருந்தில் உட்கார்ந்து செல்வதிலும் கழிந்தது. உழைப்பு நின்றது, உலை மட்டும் பழைய அளவிலேயே கொதித்தது. நடுத்தர உழைப்பாளியின் சோற்றை உட்கார்ந்திருப்பவன் உண்டால் நாளொன்றுக்கு 600 கலோரி மிகுதி. ஏறத்தாழ 170 கிராம் அரிசி அது. சில ஆண்டுகளில் என் இடுப்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டரைத் தாண்டியது. இந்தியருக்கு ஆணாயின் 90, பெண்ணாயின் 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடுப்பு நோய்க்கு வாசல் என்று மருத்துவர் கூறுவர். எனக்கும் அந்த வாசல் திறந்தது. சர்க்கரை நோய் வந்தது.

இது என் ஒருவன் கதை அன்று. 2001ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் பாறை உடைத்தவர்களின் பிள்ளைகள் இன்று பெங்களூருக்கு இரயிலேறிச் சென்று உட்கார்ந்து வேலை செய்கின்றனர். பாட்டனாரின் சோற்றளவு பேரன் தட்டில் அப்படியே இருக்கிறது. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயுற்றிருப்பதாகக் கணித்தது. அவர்களுள் நம்மவர் எத்தனை பேர் என்பதை நம் வீடுகளிலேயே எண்ணிக்கொள்ளலாம்.

இனி இளைஞரின் நடைக்கு வருவோம். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் ஏறத்தாழ 250 கலோரி செலவாகும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்நேரத்தில் 70 கலோரி செலவாகியே இருக்கும். ஆகவே நடைக்கென்று கிடைக்கும் கூலி 180 கலோரியளவே. எவ்வளவு எண்ணெயில் அவ்வளவு ஆற்றல் உண்டு? 20 கிராம் எண்ணெயில். எவ்வளவு சர்க்கரையில்? 45 கிராமில், குவளைக்கு மூன்று கரண்டியாக மூன்று குவளைத் தேநீரில் கரைவது ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு மணி நேரம் வியர்வை சிந்தி ஈட்டியதைத் தேநீர்க் கடையில் நின்று பேசிக்கொண்டே செலவழித்துவிடலாம். இளைஞரின் எடை இறங்காத மர்மம் இதுவே.

இங்கேதான் தம்மப் பொருள் தொடங்குகிறது. "காலையில் நடந்துவிட்டேன், ஆகவே மாலையில் எதையும் உண்ணலாம்" என்ற எண்ணத்தின் வேர் எங்கே இருக்கிறது? பகவன் காலத்தில் சுந்தரிக பாரத்துவாசர் என்னும் அந்தணர், பாகுகை ஆற்றில் நீராடினால் தீவினை கழுவப்படும் என்று நம்பினார். தீய செயலை எந்த நதியும் கழுவாது. உயிர்களுக்குத் தீங்கு செய்யாமை, வாய்மை, களவாமை ஆகியவற்றில் நீராடு என்று பகவன் அவருக்கு உணர்த்தினார். நடையைப் பரிகாரமாகக் கருதுபவரும் பாகுகை ஆற்றில் நீராடுபவரே. ஒரு செயலைச் செய்துவிட்டு இன்னொரு செயலால் அதை ஈடுகட்டிவிடலாம் என்பது புரோகிதக் கணக்கு. அந்தக் கணக்கை விட்டு வெளியேறியவர்கள் நாம். உண்பது ஒரு வினை. நடப்பது வேறொரு வினை. ஒவ்வொன்றும் தன் பயனைத் தானே தரும்.

அவ்வாறாயின் உணவை அறவே ஒடுக்கிவிடலாமா? அதற்கும் பகவனின் வாழ்வே விடை. ஆறாண்டுகள் கடுந்தவம் புரிந்து, எலும்புக்கூடாகி, வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும் நிலையை அடைந்தவர் அவர். அவ்வழி ஞானம் பிறவாது என்று கண்டு மீண்டும் உணவு கொண்டார். மருத்துவமும் இதையே வேறு சொற்களால் கூறுகிறது. கடும் பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும். பின்னர் பசி பேயாய்த் திரும்பி, இழந்த எடையை மீட்டுக்கொண்டு வரும்.

ஆகவே நடுவழி என்ன? சுருங்கக் கூறின், எடையை இறக்குவதில் பெரும்பங்கு தட்டுக்கு உரியது. இறங்கியதை ஏறாமல் காப்பதிலும், தசையையும் இதயத்தையும் பேணுவதிலும் பெரும்பங்கு நடைக்கு உரியது. நாளொன்றுக்கு 230 கிராம் சோற்றைக் குறைத்தால் 300 கலோரி குறையும். நடையின் கூலி 180. இரண்டும் சேர்ந்து 480. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி அடங்கியிருப்பதால், 16 நாட்களில் ஒரு கிலோ இறங்க இடமுண்டு. உடல் இளைக்க இளைக்க அதன் செலவும் குறையும். ஆகவே போகப்போக வேகம் தளரும். அதைக் கண்டு மனம் சோர வேண்டா. பசேனதி மன்னரும் படிப்படியாகவே நாழிக்கு வந்தார். சோறு குறைந்த இடத்தில் பருப்பும் காயும் கீரையும் முட்டையும் நிரம்பட்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்கலாகாது; இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரும்.

நடையை நாம் மருத்துவரிடமிருந்து மட்டும் கற்கவில்லை. உலவும் தியானத்தால் வரும் ஐந்து நன்மைகளை அங்குத்தர நிகாயம் கூறுகிறது: நெடுவழி நடக்கும் வலிமை, முயற்சிக்குத் தகுதி, நோயின்மை, உண்டதும் பருகியதும் செரித்தல், நெடிது நிலைக்கும் மன ஒருமை. புத்தகயைக்குச் சென்றவர்கள், பகவன் உலவிய இடமாகப் போற்றப்படும் மேடையை மகாபோதிக் கோயிலின் வடபுறத்தே கண்டிருப்பர். அவர் எதற்கும் ஈடாக நடக்கவில்லை. நடை அவருக்கு வாழ்வின் பகுதியாய் இருந்தது.

இவ்வளவு கூறிய பின்னும் ஓர் ஐயம் நிற்கிறது. என்னை உறுத்திய ஐயமும் அதுவே. நம் முன்னோர் பிறர் களத்தில் நெல் குவித்துவிட்டுத் தம் குடிசையில் கூழுக்கு ஏங்கினர். அப்பசியை நெஞ்சில் சுமந்த என் தாயார், என் தட்டில் சோற்றைக் குவிப்பதையே அன்பின் மொழியாகக் கொண்டிருந்தார். "போதும், அம்மா" என்று நான் சொன்ன முதல் நாளில் அவர் முகம் வாடியதை மறக்கவில்லை. பசியால் ஒடுக்கப்பட்ட குலத்தைப் பார்த்துக் "குறைத்து உண்க" என்று சொல்வது கொடுமையாகாதா?

நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். பிறர் நம்மேல் சுமத்திய பசி அடிமைத்தனம். அந்தப் பசிக்கு அஞ்சி இன்றும் அளவின்றி உண்பது அவ்வடிமைத்தனத்தின் நிழல். மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்பாள் யானைத்தீ என்னும் பெரும்பசியால் வருந்தினாள். எவ்வளவு உண்டும் அவள் பசி தணியவில்லை. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவே அதைத் தணித்தது. குவியலால் தணியாத பசி ஒன்று உண்டு என்பதை நம் தமிழ்ப் பௌத்தம் அன்றே கண்டது. என் அளவை நானே அறிந்து நானே வகுக்கும்போதுதான் அந்தப் பழைய பசியிலிருந்து நான் விடுதலை பெறுகிறேன். இதை என் தாயாருக்கு எடுத்துரைத்தேன். அடுத்த நாள் அவர் சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டி வைத்தார், அன்பு குறையவில்லை.

ஒன்று மட்டும் சபையோருக்கு விண்ணப்பம். பருத்த உடலைக் கண்டு நகைப்பது நம் சீலத்துக்கு ஒவ்வாது. அரிசியும் சர்க்கரையும் எளிதில் கிடைத்து, பருப்பும் பழமும் விலையேறி நிற்கும் சந்தையில், ஏழையின் பருமனைப் பெருந்தீனி என்று பழிப்பது அறியாமை. அந்த இளைஞரைப் பார்த்து நகைத்தவர்கள் இனி அவருக்குச் சுதஸ்ஸனனாக இருக்கட்டும். ஒருவர் உணவின்போது நினைவூட்டட்டும். இன்னொருவர் விடியலில் உடன் நடக்கட்டும். மன்னர் அதற்கு 100 கஹாபணம் கொடுத்தார். நமக்குள் அது அன்பின் கடமையாக, கூலியின்றி நடக்கட்டும்.

எல்லா உயிர்களும் நலமுடன் வாழ்க!