காவலும் உரிமையும்: இரணைதீவை முன்வைத்துச் சில சிந்தனைகள்

இயற்கையைப் பேணுதல் நன்று என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயின், பேணும் பொறுப்பு யாருக்குரியது என்று வினவியவுடன் கருத்து வேறுபாடு தோன்றிவிடுகின்றது. அரசுக்குரியது என்பர் சிலர். அறிவியலாளருக்குரியது என்பர் வேறு சிலர். அவ்வவ்விடத்து வாழும் மக்களுக்கே உரியது என்பாரும் உளர். இவ்வினாவை ஒரு சிறு தீவை முன்வைத்து ஆராய்தல் பயன் தரும்.

கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்தது இரணைதீவு. பெரியதீவு, சின்னத்தீவு என இரண்டாய் அமைந்தமையின் அப்பெயர் பெற்றது. மீனும் நண்டும் கடலட்டையுமே அங்கு வாழ்ந்தோரின் சீவனோபாயம். 1992 இல் போரினால் இடம்பெயர்ந்த அவர்கள் எதிர்க்கரையில் இரணைமாதாநகரிற் குடியிருந்தனர். போர் முடிந்த பின்னரும் தீவு கடற்படையின் வசமே இருந்தது. ஏறத்தாழ ஓராண்டு தொடர்ந்து போராடிய மக்கள், 2018 ஏப்பிரல் 23 ஆம் நாள் தாமாகவே படகுகளில் ஏறித் தம் மண்ணிற் கால்பதித்தனர்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழக்கூடும். இருபத்தாறு ஆண்டுகள் குடிகள் இல்லாதிருந்த தீவு அக்காலத்திற் சற்று இளைப்பாறியிருக்கும் அன்றோ? மனிதர் மீண்டமை இயற்கைக்கு இழப்பு அன்றோ? இவ்வாட்சேபத்துக்குக் கல்வியுலகின் ஆதரவும் உண்டு. எல்லார்க்கும் திறந்துவிடப்பட்ட மேய்ச்சல்நிலம், ஒவ்வொருவரும் தத்தம் நலமே கருதுதலால் ஈற்றில் அழியும் என்று 1968 இல் கரெற் ஹாடின் வாதிட்டார்.

ஆயின், ஹாடின் கண்ட நிலம் காவலும் கட்டுப்பாடும் அற்ற நிலமாகும். பொதுவுடைமை வேறு, கேட்பாரற்ற உடைமை வேறு. எலினோர் ஒஸ்ரொம் 1990 இல் வெளியிட்ட நூல், பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காத்த பொதுவளங்கள் பல நிலைத்தமையைச் சான்றுகளோடு காட்டிற்று. அவ்வாய்வுக்கு 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது. வன்னியில் வாழ்வார்க்கு இது புதுமை அன்று. சிறு குளத்தின் கட்டைத் திருத்துதலும் வாய்க்காலைத் துப்புரவாக்குதலும் நீரைப் பங்கிடுதலும் வயலுடையோரின் கூட்டுக் கடமைகளாயிருந்தன. 1832 இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டபோது கட்டாய உழைப்பின் கொடுமை நீங்கிற்று; உடன், இலங்கையின் குளங்களைப் பேணிய கூட்டுழைப்பும் தளர்ந்தது. பழைய வழமைகளை உழவரைக் கொண்டே மீட்பதற்கு 1856 இல் நீர்ப்பாசனச் சட்டம் ஒன்று இயற்ற வேண்டியதாயிற்று. காவல் கலைந்தால் வளமும் கலையும் என்பதே இதன் பாடம்.

கடலுக்கும் இஃது ஒக்கும். தரையில் ஆளில்லை என்பதற்காக இழுவைமடிப் படகுகள் விலகிச் செல்வதில்லை. அம்மடி கடலடியை வாரிச்செல்வது; குஞ்சென்றும் சினையென்றும் அது பாராது. 2017 இல் இலங்கை அதனைச் சட்டத்தால் தடைசெய்தது. எனினும், தடை மீறப்படுவதை முதலிற் காண்பவன் அக்கடலிலே வலை வீசுபவனே. 2021 மார்ச்சு மாதத்தில், கொரோனாவால் இறந்தோரை அடக்கம் செய்வதற்கு இரணைதீவு தெரிவுசெய்யப்பட்டமையும் நினைக்கத்தக்கது. தம் உறவினரை முறைப்படி அடக்கம் செய்ய முசுலிம் மக்கள் வேண்டியது முற்றிலும் நியாயமானதே. ஆயின், குடிகளைக் கேளாமலே அவர்தம் தீவைத் தெரிந்தமை, தொலைவிலிருந்து நோக்குவார்க்குச் சிறுதீவு எப்போதும் வெற்றிடமாகவே தோன்றும் என்பதைக் காட்டுகின்றது. தீவு மக்கள் எதிர்த்து நின்றனர். அத்திட்டமும் அங்கு நிறைவேறவில்லை.

எனவே, ஆளின்மை காவல் ஆகாது, சாட்சியின்மையே ஆகும். எனினும், பூர்வீகம் என்பது வரையற்ற உரிமையைத் தாராது. கடலட்டை, அடிமண்ணை உண்டு அதிலுள்ள கழிவைச் சத்தாக மாற்றிக் கடலுக்கே மீட்டளிப்பது. வெளிநாட்டுச் சந்தையில் விலை ஏறியது என்பதற்காக முதிராத அட்டையையும் அள்ளுவோமாயின், இழுவைமடிக்கும் நமக்கும் அளவினாலன்றி அறத்தினால் வேற்றுமை இராது. 'என் கடல்' என்பவன் அதனைத் தன் பேரனுக்கும் விட்டுச்செல்லக் கடமைப்பட்டவன்.

இந்நிலையில், வெளியிலிருந்து உதவ விரும்புவோர் செய்யத்தக்கது யாது? முடிவைக் கையிற் கொண்டு சென்று இசைவு கேட்பது உதவி ஆகாது. எப்பருவத்தில் எதனைப் பிடிக்கலாகாது என்ற வரம்பை அம்மக்களே வகுக்க வேண்டும். அறிவியலாளர் தாம் அறிந்ததை அவர் முன் வைக்கலாம். அவ்வரம்பைப் பெரும்படகுகளும் மீறாதவாறு அரசு காக்க வேண்டும். பள்ளியும் மருத்துவமும் இல்லாத தீவில் குடும்பங்கள் நிலைத்திரா. குடும்பங்கள் இல்லாத இடத்தில் காவலும் நிலைத்திராது. ஆதலின், தீவிலே ஒரு பள்ளிக்கூடத்தைத் திறப்பதும் சூழற் பாதுகாப்பே ஆகும்.

ஒரு திட்டத்தின் தகுதியை அளப்பதற்கு ஓர் எளிய வினா போதும். உதவ வந்தோர் பணத்தையும் பெயர்ப்பலகையையும் எடுத்துக்கொண்டு திரும்பிய மறுநாள், அக்கடலைக் காப்பதற்கு அங்கே யார் இருப்பர்? அவ்வினாவுக்கு விடை தரும் திட்டமே துணைநிற்றற்குரியது.