பூட்டியவர் யார்?

கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவனிடம் நாம் நேர்மையை எதிர்பார்க்கிறோம். அது கிட்டாதபோது அவனை ஏமாற்றுக்காரன் என்று ஏசவும் தயங்குவதில்லை. ஆனால் கூலியின்றி, தனக்காகவோ நண்பனுக்காகவோ தன் கையால் ஒரு வேலையைச் செய்கிறவனை அதே அளவுகோலால் அளக்கிறோமா? அளக்காமல் விடுவது நியாயமா? திருகோணமலையில் நாமே பட்ட ஓர் அனுபவத்தைக்கொண்டு இக்கேள்வியை ஆராய விழைகிறோம்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபாயாயிற்று. ஜூலையில் வந்த கியூ.ஆர். முறையின்கீழ் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரே கிடைத்தது. துறைமுகத்தின் மறுகரையிலுள்ள சீனக்குடாவிலோ, பிரித்தானியர் தம் போர்க்கப்பல்களுக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன. அவற்றில் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் என்று அதே 2022 ஜனவரியில்தான் ஒப்பந்தம் ஆகியிருந்தது. எண்ணெய்க் குதங்களின் நிழலில் வாழும் மக்கள் போத்தல்களோடு வரிசையில் நின்றார்கள். இந்த முரண்பாட்டைப் படைத்தது எவருடைய தனிப்பட்ட சோம்பலும் அன்று.

உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிற்று. ஆசிரியர்களாகிய நம்மிற் பலர் ஸ்பானரைக் கையில் எடுத்தது அப்போதுதான். வறுமை திணித்ததைத் தற்சார்பு என்று புகழ்வது பொய். எனினும், சாக்கட்டியைத் தவிர வேறு கருவியறியாத கைகள் எண்ணெய்க் கறை பட்டதில் ஒரு கல்வி இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

அவ்வாண்டின் இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பரான ஓர் ஆசிரியரின் மோட்டார் சைக்கிளில் காபரேற்றரைக் கழற்றித் துப்புரவாக்கும் பொறுப்பை நாம் ஏற்றோம். கடற்காற்றின் உப்பால் அலுமினியத்தில் வெள்ளைப் பூஞ்சணம்போற் படிந்திருந்தது. பிஸ்டன் கீழிறங்கும்போது சிலிண்டர் காற்றை உறிஞ்சுகிறது. அக்காற்று காபரேற்றரின் ஒடுங்கிய கழுத்தினூடே விரையும்போது பெற்றோலையும் இழுத்துச் செல்கிறது. 1 பங்கு பெற்றோல் முற்றாக எரிய, எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் நமக்குத் தெரியும், வகுப்பிற் கற்பித்திருக்கிறோம்.

காபரேற்றருக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையில் மெல்லிய இறப்பர் வளையம் ஒன்று உண்டு. பழைய வளையம் தட்டையாகி இறுகிப்போயிருந்தது. புதியது மலிவானதே, ஆனால் கடை மூடியிருந்தது. மறுநாள்வரை பொறுத்திருக்கலாம். நாம் பொறுக்கவில்லை. பழையதையே தவாளிப்பில் வைத்துப் பூட்டினோம். இணைப்பு முழுதும் பொருந்தவில்லை என்பதை விரல் உணர்ந்தது. அதற்குப் பரிகாரமாக இரண்டு நட்டுகளையும் இன்னும் இறுக்கினோம். இயந்திரம் இயங்கிற்று. "எல்லாம் சரி" என்று நண்பரிடம் கொடுத்தோம்.

சில நாள் கழித்து, பரீட்சைக் கடமைக்காக மூதூருக்குப் புறப்பட்ட அவர், கிண்ணியாப் பாலத்தில் நின்றுபோன வண்டியை வெயிலில் தள்ளிக்கொண்டு சென்றார். கடமைக்குப் பிந்தினார், விளக்கம் எழுதிக்கொடுக்க நேர்ந்தது. பெற்றோலில் கலப்படம் இருக்கவேண்டும் என்று அவர் நினைத்தார். நாமும் அதை ஆமோதித்தோம்.

வண்டியை ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட இளைஞர். இயந்திரத்தின் ஓசையைச் சற்று நேரம் கேட்டார், இணைப்பின்மேல் சிறிது தண்ணீர் தெளித்தார், ஓசை மாறிற்று. காபரேற்றரைக் கடந்த பின் வெளிக்காற்று கள்ளமாக நுழைகிறது, பெற்றோல் போதாமல் இயந்திரம் சூடேறுகிறது என்பது அவருக்குப் புலனாயிற்று. கழற்றிப் பார்த்தார். வளையம் நசுங்கியிருந்தது, அதிக இறுக்கத்தால் இணைப்புத் தட்டும் வளைந்திருந்தது.

"இதைப் பூட்டினது ஆர் சேர்?"

நம்மிடமிருந்து வந்த பதில் இது: "ஆரோ ஒரு கராச்சில் பூட்டினது."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்! ஊரறியாத ஒரு தொழிலாளியின் தலையில் நமது தவற்றைச் சுமத்திவிட்டோம். நமது பொய் நம்பத்தக்கதாக இருந்ததற்குக் காரணம் உண்டு: கைத்தொழில் செய்பவன் ஏய்ப்பான், படித்தவன் ஏய்க்கமாட்டான் என்ற நம்பிக்கையை இச்சமுதாயம் நெடுங்காலமாக வளர்த்து வைத்திருக்கிறது. மூளை உழைப்பையும் கை உழைப்பையும் பிரித்து, முன்னதற்கு மதிப்பையும் பின்னதற்குப் பழியையும் பங்கிட்ட அந்தப் பிரிவினையைத்தான் நாம் வகுப்பிலும் மேடையிலும் கண்டித்து வந்தோம். நமக்கு ஆபத்து வந்தபோதோ அதன் மறைவில்தான் ஒதுங்கினோம்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: பழகுகிறவன் தவறுவது இயல்பு, அன்பினாற் செய்த உதவியைக் குற்றக் கூண்டில் ஏற்றலாமா? தவறுவது இயல்புதான். அறியாமற் செய்த பிழையை எவரும் பொறுப்பர். ஆனால் விரல் உணர்ந்ததை வாய் மறைத்தது அறியாமையன்று. அந்த இறப்பர் வளையத்தின் இடத்தில் பிரேக் கம்பி இருந்திருந்தால் அப்பாலத்தில் என்ன நேர்ந்திருக்கும்? கூலி வாங்கவில்லை என்பது வேலையின் தரத்துக்கு விலக்களிக்காது. ஏனெனில் வண்டியில் ஏறுகிறவனின் உயிர், பூட்டியவன் கூலி பெற்றானா என்று பார்த்துப் பிழைப்பதில்லை. கழற்றிப் பார்த்தாலன்றிப் பிறர் கண்ணுக்குத் தெரியாத இணைப்பில், பூட்டியவனின் சொல் ஒன்றே சாட்சி.

மறுநாள் நாம் மீண்டும் அந்தக் கராச்சுக்குச் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் சிரித்தார். "நான் அப்பவே விளங்கிட்டன் சேர், கராச்சுக்காரன் இவ்வளவு இறுக்கமாட்டான்" என்றார். பின்பு, எந்த அளவுக்கு இறுக்கவேண்டும் என்பதை நமது கையைப் பிடித்துக் காட்டித் தந்தார். நண்பரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. விளக்கம் எழுதிக்கொடுத்த அவமானம் அவருடையதல்லவா? அவர் நெடுநேரம் பேசவில்லை. தட்டின் விலையை நாம் கொடுத்தோம், அவர் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டதே நமக்கு ஆறுதல்.

பெற்றோல் பங்கீடு 2023 செப்டெம்பரில் முடிந்தது. ஸ்பானரை நாம் கீழே வைத்துவிடவில்லை. மாணவர்களும் அதைக் கையிலெடுக்கவேண்டும் என்றே விரும்புகிறோம். கராச்சிலே உழைப்பவரைத் தம் ஆசானாக மதிக்கவும் வேண்டும். கருவியைப் பிடிக்கக் கற்பிக்கும் அதே நாளில், "பூட்டினது ஆர்?" என்ற கேள்விக்குத் தயங்காமல் "நான்தான்" என்று விடை சொல்லவும் அவர்களுக்குக் கற்பிப்போம். அதற்கு முதலில் ஆசிரியர்களாகிய நாம் அதைக் கற்றாகவேண்டும்.