அரை அடி பின்னால்

அந்த அம்மா நாற்காலியை ஏன் பின்னுக்கு இழுத்தார் என்ற கேள்வி சில வாரங்களாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

திண்டுக்கல் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியருக்குப் பணி நிறைவுப் பாராட்டு விழா. பழைய மாணவர்கள் சேர்ந்து நடத்தினார்கள். கபடி நடுவராக அந்த வட்டாரமே அறிந்தவர். குறுவட்டப் போட்டி, பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி என்று ஆண்டு தவறாமல் விசிலோடு நின்றவர். மேடையில் அவருக்கும் மனைவிக்கும் இரண்டு நாற்காலிகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். "சாருக்குப் பக்கபலமாக இருந்த அம்மாவை மேடைக்கு அழைக்கிறோம்" என்று மைக்கில் சொன்னதும் அவர் வந்தார், சபையைப் பார்த்துக் கும்பிட்டார், உட்காருமுன் தன் நாற்காலியை அரை அடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நடந்தது அவ்வளவுதான். மாலை, சால்வை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை எல்லாம் வழக்கம்போல நடந்தன.

"எவ்வளவு அடக்கம் பாருங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர். எனக்கு அது அடக்கமாகப் படவில்லை. அடக்கம் என்றால் ஒரு தயக்கம் இருக்கும். நாலு பேர் பார்ப்பது தெரிந்து ஒரு கூச்சம் இருக்கும். அந்த அம்மாவிடம் இரண்டும் இல்லை. எங்கே உட்கார வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்துவிட்ட ஒருவரின் கை அது.

பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை எனக்குக் கிடைத்தது. சார் நடுவராக நின்ற ஆட்டங்களில் எது உங்களுக்கு நினைவிருக்கிறது என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"அவுக விசில் ஊதி நான் பார்த்ததே இல்ல தம்பி. ஒரே ஒரு தடவ போனேன், புள்ளையத் தூக்கிக்கிட்டு. தொட்டான், தொடலன்னு சண்ட. சுத்தி நின்ன சனம் அவுக ஆத்தாளையும் பொண்டாட்டியையும் இழுத்துத் திட்டுச்சு. பொண்டாட்டி அங்கனதான் நிக்கிறேன். அப்புறம் போகல."

சொல்லிவிட்டு ரசத்தை வாங்கிக்கொண்டார். என்னால் அதன்பின் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அதற்குள் ஒரு விரல் நுனி ஒரு முழங்காலை உரசியதா இல்லையா என்பதில் ஆட்டமே புரண்டுவிடும். ஒரு நடுவர், இரண்டு அம்பயர், ஓரங்களில் குறிப்பெடுப்பவர்கள், இவர்களின் கண்ணைத் தவிர வேறு சாட்சி கிடையாது. தொலைக்காட்சியில் வரும் புரோ கபடியில் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். பள்ளி மைதானத்தில் அதற்கு வழியில்லை. கண் சொன்னதைக் கை காட்ட வேண்டும், அடுத்த நொடி வசவு வந்து விழும். நம் ஊர் வசவு ஆணை நேராகத் திட்டாது, அவன் வீட்டுப் பெண்ணின் வழியாகத்தான் போகும். இந்த அம்மாவுக்கு வசவில் முதல் நாளே பங்கு கொடுத்துவிட்டார்கள். பாராட்டில் பங்கு அறுபதாவது வயதில், அதுவும் அவர் கணவரின் ஓய்வு நாளில்.

நாற்காலியை இழுத்தது இதனாலா? கூட்டம் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது, கணவர் நடுவில் இருந்தார். அன்று மைதானத்தில் நின்ற அதே ஒழுங்கு. இருக்கலாம். ஆனால் அது பயத்தில் செய்ததாகவும் தெரியவில்லை.

எங்கள் பள்ளியிலும் ஒரு பி.டி. சார் இருந்தார். ஆண்டு விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் விடியற்காலையில் சுண்ணாம்புப் பொடியோடு மைதானத்தில் இறங்குவார். வளைவில் வெளித்தடத்தில் ஓடுகிறவனுக்குத் தூரம் கூடும். அதைச் சரிக்கட்டத் தொடக்கக் கோட்டைத் தடத்துக்குத் தடம் முன்னே தள்ளிப் போட வேண்டும். தடத்தின் அகலம் 1.22 மீட்டர் என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 7.66 மீட்டர். மைதானம் சின்னதோ பெரிதோ, இந்தக் கணக்கு மாறாது என்று அவர் சொன்னபோது எங்களால் நம்ப முடியவில்லை. சுற்றளவு சூத்திரத்தைத் தரையில் எழுதிக் காட்டினார். கணக்கு வகுப்பில் புரியாத பை எனக்கு அந்த மண்ணில்தான் புரிந்தது. கைக்கடிகாரத்தோடு முடிவுக் கோட்டில் நிற்பவர்களிடம், துப்பாக்கிச் சத்தத்தை நம்பாதே, புகையைப் பார் என்பார். நூறு மீட்டரைக் கடந்து வரச் சத்தத்துக்குக் கால் விநாடிக்கு மேல் ஆகும், அந்த நேரத்தை ஓடுகிறவனுக்கு இனாமாகக் கொடுத்துவிடுவாய் என்பார்.

டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எப்போதும் அவர் மகள் நிற்பாள். எங்களுக்கு ஒரு வகுப்பு கீழே. வளையத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "ம்" என்பாள். அவர் அளப்பார். நன்றாக ஓடக்கூடிய பெண். தெருவில் எங்களையெல்லாம் முந்துவாள். விழாவில் மட்டும் அவள் பெயர் இருக்காது. தான் தீர்ப்புச் சொல்கிற ஓட்டத்தில் தன் பிள்ளை ஓடக்கூடாது என்பது சாரின் முடிவு. அவர் நின்ற இடமெல்லாம் தீர்ப்புச் சொல்கிற இடம்தான். ஆகவே அவள் எங்கும் ஓடவில்லை.

அந்தக் காலத்தில் இதைக் கேட்டவர்கள் சாரைத்தான் மெச்சினார்கள். நானும் நெடுங்காலம் நேர்மைக்கு உதாரணமாக அவரைத்தான் நினைத்துவந்தேன். நினைப்பதில் தவறில்லை, அவர் நேர்மையானவர். ஆனால் அந்த நேர்மைக்கான விலையைக் கொடுத்தது யார்? கட்டைவிரலால் வளையத்தை அழுத்திக்கொண்டு நின்ற பெண். அவளை யாரும் கேட்கவும் இல்லை.

ஒலிம்பிக் உறுதிமொழியைப் பற்றி எப்போதோ படித்தது இதோடு சேர்ந்து வருகிறது. விளையாட்டு வீரர் ஒருவர் எல்லோர் சார்பிலும் உறுதி ஏற்பது 1920-இல் ஆண்ட்வெர்ப்பில் தொடங்கியது. நடுவர்களும் ஏற்க வேண்டும் என்று யாருக்கோ தோன்ற 1972 வரை ஆகிவிட்டது. ஒருபக்கம் சாய மாட்டேன் என்ற அந்தச் சொல்லை மைதானத்தில் நடுவர் தருகிறார். வீட்டில் அதைக் காப்பாற்றுபவர்கள் எந்த உறுதியும் ஏற்றதில்லை. சனிக்கிழமைகளைக் கொடுத்தவர்கள், உறவுக்காரர் கல்யாணத்துக்குத் தனியாகப் போனவர்கள், வெளியூர் போட்டிக்குக் கிளம்பும் அணிக்கு விடியற்காலையில் புளிசாதம் கட்டிக் கொடுத்தவர்கள். 'கொடுத்தவர்கள்' என்று நான் எழுதிவிடுகிறேன். எடுத்துக்கொள்ளப்பட்டதா, கொடுக்கப்பட்டதா என்று அவர்களைக் கேட்காமல் எப்படி எழுதுவது? எடுத்துக்கொள்ளப்பட்டது என்றே எழுதினால், மனமுவந்து செய்தவர்களை அது சிறுமைப்படுத்தும். பந்தியில் அந்த அம்மாவின் குரலில் கசப்பு இருந்ததா என்று பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். ரசம் வாங்கிய கை மட்டும்தான் தெளிவாக நினைவிருக்கிறது.

நடுவரைப் பாராட்டுவதே சிரமமான காரியம்தான். அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் ஒரு கால்பந்து அரங்கத்துக்கு தோஃபிக் பக்ராமோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் எல்லைக்கோட்டு நடுவராக இருந்தவர். பந்து கோட்டைத் தாண்டிவிட்டது என்று அவர் சொல்லி இங்கிலாந்துக்குக் கிடைத்த கோலைப் பற்றி இன்றும் சண்டை ஓயவில்லை. அந்தச் சண்டைதான் அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. சண்டையே வராமல் ஆயிரம் ஆட்டங்களை முடித்துவைத்தவரை யாருக்குத் தெரியும்? நல்ல நடுவர் என்றால் ஆட்டம் முடிந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போகும் பிள்ளைகள் அவரை மறந்திருக்க வேண்டும். அப்படி மறக்கப்பட்டவரின் நிழலில் இருந்தவரை மேடையேற்றி, 'பக்கபலம்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம்.

தடகளத்தில் முடிவுக் கோட்டு நடுவர்கள் கோட்டுக்கு நேராக நின்றாலும் தடத்தை ஒட்டி நிற்பதில்லை. குறைந்தது ஐந்து மீட்டராவது தள்ளி, உயரமான படிமேடையில் நிற்க வேண்டும் என்பது விதி. ஒட்டி நின்றால் அருகில் ஓடுகிறவன் தூரத்தில் ஓடுகிறவனை மறைத்துவிடுவான். எட்டுப் பேரையும் பார்க்க வேண்டும் என்றால் விலகத்தான் வேண்டும். கணவர் நடுவராக நின்றதை ஒருநாளும் நிம்மதியாகப் பார்த்திராதவர் அன்றைக்காவது அவரையும், அவருக்காக எழுந்து நின்ற கூட்டத்தையும் சேர்த்துப் பார்க்க விரும்பியிருக்கலாம். இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே இதன்மேல் சந்தேகமும் வருகிறது. வெறுமனே நாற்காலிக் கால் சேலையை மிதித்திருக்கலாம்.

போன வாரம் நண்பன் கூப்பிட்டான். அவன் படித்த பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். வாலிபால் அம்பயர். அணியோடு அவர் ஊர் ஊராகப் போன காலத்தில் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது அவருடைய அம்மா. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். "பாட்டியையும் மேடையில ஏத்தணும்டா, அழைப்பிதழ்ல பேரு போடலாமா?" என்றான். முதலில் பாட்டியைக் கேள் என்றேன்.

"கேட்டா வேணாம்னுதான் சொல்லும். அதுக்காகக் கூப்பிடாம விட்டுடறதா?"

கேட்காமல் மேடையேற்றினால், இத்தனை காலம் அவரைக் கேட்காமலே எல்லாம் நடந்ததன் தொடர்ச்சியாகிவிடும். அவர் மறுத்ததைக் காரணம் காட்டி விட்டுவிட்டால், மறுத்துப் பழகியவர்களுக்கு எந்தக் காலத்திலும் எதுவும் வந்து சேராது. இரண்டையும் அவனிடம் சொன்னேன். எதைச் செய்வது என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். அச்சகத்தில் இரண்டு நாள் தவணை வாங்கியிருக்கிறான்.