கெபியருகே ஒரு பருந்துக் கூடு

தளியிலிருந்து ஓசூர் செல்லும் காலைப் பேருந்தில் பயணம் செய்வோர் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பது அரிது. ஆலையின் முதல் முறைக்கு நேரமாகிவிட்ட தொழிலாளர் ஒருபுறம், பூக்கட்டுகள் வாடுமுன் சந்தையை அடைய வேண்டிய உழவர் மறுபுறம். நாமும் பல ஆண்டுகள் அவர்களுள் ஒருவராகவே பயணம் செய்தோம். இறைச்சிக் கடைகள் திறக்கும் வேளையில் ஓசூர் வானில் பருந்துகள் கூடி வட்டமிடுவதை ஒருநாள் தற்செயலாகக் கண்ட பின்னரே, இத்தொழில் நகரில் நம்மோடு இன்னொரு குடியும் வாழ்ந்து வருவது நமக்கு உறைத்தது.

இவற்றை இனங்காணப் பெரும் புலமை தேவையில்லை. வால் நுனி மீன்வால் போலப் பிளவுபட்டிருப்பின் அது கரும்பருந்து. பறக்கையில் அவ்வாலைச் சுக்கான் போலத் திருப்பித் திருப்பி வழி மாற்றிக்கொள்ளும். செம்பருந்தின் தலையும் மார்பும் வெண்மை. மற்றவை செங்கல் நிறம். வால் நுனி வளைந்திருக்கும். புறாவின் அளவேயுள்ள வல்லூற்றைக் காண விரும்புவோர், அணில்கள் ஓயாது கத்தும் மரத்தின் கிளைகளுக்குள் தேட வேண்டும். கரும்பருந்தின் மேல் கல்லெறிவோர் செம்பருந்தைக் கண்டால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வதுண்டு. செத்த மீன் கிடைத்தால் இரண்டுமே விடுவதில்லை என்பது வேறு செய்தி!

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலத்தில், நமது ஆலய வளாகத்தின் தைலமரத்தில் கரும்பருந்து இணையொன்று கூடு கட்டியது. மரத்தடியில் மாதா கெபி. செபமாலை சொல்லி வருவோரின் பாதையில் எலும்புத் துண்டும் மீன் செதிலும் விழலாயின. புனித இடம் தீட்டுப்படுகிறது என்று பங்குப் பேரவையில் பேச்செழுந்தது. நாம் மறுத்துப் பேசவில்லை, தலையசைத்தோம். அவ்வளவே. மறுநாள் காலை கிளை வெட்டப்பட்டது. விழுந்த கூட்டில் கம்பித் துண்டுகள், கிழிந்த துணி, நெகிழிப் பை, சாக்கு நூல் எல்லாம் இருந்தன. குஞ்சுகள் இரண்டு. ஒன்று அப்போதே இறந்தது. மற்றது மாலை வரை உயிரோடிருந்தது.

அவற்றை அள்ளிக்கொண்டு போனவர், ஊரில் தெருத் தூய்மைப் பணி செய்யும் ஓர் அம்மையார். ஞாயிறு திருப்பலியில் எப்போதும் கடைசி வரிசையில் இருப்பவர். "நாங்க செய்யுற வேலையத்தானே சாமி அதுவும் செஞ்சுச்சு," என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. நம்மிடம் மறுமொழியும் இல்லை.

தூய்மைப்படுத்துகிறவரைத் தீட்டானவர் என்பது எத்தகைய அறம்? லேவியர் நூலின் 11-ஆம் அதிகாரம் கழுகையும் பருந்தையும் ஆந்தையையும் உண்ணத்தகாதவை என்று விலக்கி வைக்கிறது. உண்ணாதே என்கிறதேயன்றி, விரட்டு என்று அவ்விதி எங்கும் கூறவில்லை. உணவின் மேலிருந்த விலக்கை உயிரின் மேல் ஏற்றியவர் மனிதரே. நம் ஊர்களில் நடந்ததும் இதுதானே? இறந்த மாட்டை இழுத்துச் செல் என்று ஒரு சாராரைப் பணித்தோம். இழுத்ததனால் அவர்களைத் தீட்டென்றோம். பேதுரு கண்ட காட்சியில் விரிப்பு நிறைய இறங்கி வந்த உயிர்களுள் பறவைகளும் இருந்தன என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

மனிதரைப் பருந்தோடு ஒப்பிடுவது இழிவன்றோ எனச் சிலர் கேட்கலாம். ஒப்பிட்டவர் நாமல்லர், அவ்வம்மையார். அக்கேள்விக்குள்ளேயே பருந்து இழிந்தது என்னும் தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. எனினும் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. பருந்துக்கு அத்தொழில் இயல்பில் வந்தது. மனிதருக்கோ பிறரால் சுமத்தப்பட்டது. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதன் பின்னரும் கழிவுநீர்த் தொட்டிகளுக்குள் இறங்கி மாண்டோர் உண்டு.

தூய்மை செய்வோர் மறைந்தால் என்னாகும் என்பதைப் பாறுகள் காட்டிவிட்டன. பிணந்தின்னி என்று நாம் பெயரிட்டழைத்த கழுகுகளே அவை. மாடுகளுக்கு வலிநீக்கியாகத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, அம்மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1990-களில் தொடங்கிய இவ்வழிவில், வெண்முதுகுப் பாறுகள் இந்தியாவில் 99 விழுக்காட்டிற்கும் மேல் மறைந்தன. கால்நடைகளுக்கு அம்மருந்து தருவது 2006-இல் தடை செய்யப்பட்டது. அதற்குள் சடலங்கள் அழுகின, நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியும் நீர்வழி நோய்களும் பரவின. 2000 முதல் 2005 வரை சுமார் 5 இலட்சம் மனிதர் இதனால் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024-இல் வெளிவந்த பொருளியல் ஆய்வொன்று கணக்கிடுகிறது. எஞ்சிய பாறுகளைக் காக்க, நம் எல்லைக்கப்பால் கர்நாடகத்து ராமநகரப் பாறைக் குன்றுகளை 2012-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். நம் மாநிலத்தில் மாயாறு பள்ளத்தாக்கே அவற்றின் முக்கியப் புகலிடம்.

தில்லியில் அடிபட்ட கரும்பருந்தொன்றை இரு சகோதரர்கள் தம் இளமையில் பறவை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனராம். ஊன் உண்ணும் பறவை என்பதால் அங்கே ஏற்கவில்லை. அவர்களோ தம் வீட்டு நிலவறையிலேயே சிகிச்சை தொடங்கி, மாஞ்சா நூலால் சிறகறுந்த பல்லாயிரம் பறவைகளைப் பேணினர். அவர்களைப் பற்றிச் சௌனக் சென் எடுத்த 'ஆல் தட் பிரீத்ஸ்' என்னும் ஆவணப்படம் 2022-இல் கான் திரைவிழாவில் பரிசு பெற்றது. விலக்கப்பட்டதன் வலி, விலக்கப்படுவோருக்கு விரைவில் புரிகிறது போலும்.

நமது பேரவையில் அன்று அவ்வம்மையாரின் தெருவைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. இப்போது இருவர் உள்ளனர். அதற்கு இரண்டு தேர்தல்கள் ஆயின என்பதையும், அவ்வம்மையார் இன்றும் கடைசி வரிசையிலேயே அமர்கிறார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பருந்துகள் இவ்வாண்டு மதிலுக்கு வெளியே, சாலைக்கு அப்பாலுள்ள அலைபேசிக் கோபுரத்தில் கூடு கட்டியுள்ளன. சென்ற வாரம் திருப்பலி முடிந்து வெளியே வருகையில் அவ்வம்மையார் நம்மை நிறுத்தினார். "குஞ்சு பொரிச்சிருக்கு சாமி. அதோ பாருங்க, ரெண்டு தலை தெரியுது," என்றார். நாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தோம். நமக்கு ஒன்று மட்டுமே தெரிந்தது.