கடை அடைக்கும் நேரமும் அடுத்தவர் ஹக்கும்



பெருநாள் துணி எடுக்கும் நாட்கள் நெருங்குகின்றன. ஆகவே பலரும் ஒரு பொருட்டாகவே நினைக்காத ஒரு விஷயத்தை இந்த ஜும்ஆவில் எடுத்துக்கொண்டேன். ஒன்பதரை மணிக்கு அடைக்கிற ஜவுளிக்கடைக்குள் ஒன்பது இருபதுக்கு நுழைகிறோம். சற்று நேரத்தில் மாடி விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். வாசலில் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. நாமோ, "இன்னும் ரெண்டு கலர் எடுத்துப் போடும்மா, சும்மா பார்ப்போம்" என்கிறோம். அந்தப் பிள்ளை சிரித்த முகத்தோடு எடுத்துப் போடுகிறாள். அந்தச் சிரிப்பை நாம் அனுமதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

"அவங்க ஒண்ணும் சொல்லலையே ஹஜ்ரத்" என்று நீங்கள் கேட்கலாம். சொல்லவில்லைதான். ஆனால் சொல்லாமல் இருப்பதற்கும் சம்மதிப்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அல்லாஹ் தன் தூதரின் வீட்டை வைத்தே நமக்குக் காட்டியிருக்கிறான்.

அன்னை ஜைனப் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மணமுடித்த வலீமா விருந்து. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மக்கள் சாப்பிட்டார்கள், கலைந்தார்கள். ஒரு சிலர் மட்டும் பேசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். புதுமணப்பெண் அதே வீட்டில் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் எழுந்து வெளியே போகிறார்கள், மற்ற மனைவியரின் அறைகளுக்குச் சென்று ஸலாம் சொல்கிறார்கள், திரும்பி வந்து பார்க்கிறார்கள். அவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! "எழுந்து போங்கள்" என்று சொல்ல நபியவர்களுக்கு வெட்கம். மறுபடியும் வெளியே போய்விடுகிறார்கள். இதையொட்டித்தான் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53ஆவது வசனம் இறங்கியது. உண்டு முடித்ததும் கலைந்துவிட வேண்டும், பேச்சில் லயித்து உட்கார்ந்திருப்பது நபிக்குத் தொந்தரவாக இருக்கிறது, சொல்ல அவர் வெட்கப்படுகிறார், உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்பது அதன் கருத்து.

கொஞ்சம் யோசியுங்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர்கள். மதீனாவின் தலைவர் அவர்கள். ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் எழுந்து ஓடியிருப்பார்கள். அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. மாதச் சம்பளத்துக்கு நிற்கிற, மேலே மாடி மேலாளர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிற, ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தாலே பேச்சு வாங்கப்போகிற ஒரு பிள்ளையால் எப்படிச் சொல்ல முடியும்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதில் நுணுக்கமான ஒரு கருத்தை வைத்திருக்கிறார்கள். சபையில் நாலு பேருக்கு முன்னால் ஒருவரிடம் பொருள் கேட்டு, மறுக்க வெட்கப்பட்டே அவர் கொடுத்தால், அது வாங்கியவருக்கு ஆகுமானதல்ல. கையை முறுக்கிப் பிடுங்குவதும், வெட்கத்தை வைத்து வாங்குவதும் ஒரே இனம். பணத்துக்கே இப்படி என்றால், திருப்பித் தரவே முடியாத நேரத்துக்கு எப்படி?

"அவங்க வேலையே அதுதானே" என்பார்கள். வேலைதான், ஆனால் எதுவரை? ஃபிக்ஹில் கடை ஊழியரை 'அஜீர் காஸ்' என்போம். அதாவது, குறிப்பிட்ட நேரத்துக்குத் தம்மை ஒப்பந்தம் செய்துகொண்டவர். அந்த நேரம் முடிந்தபின் அவருடைய நிமிடம் முதலாளிக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. நாட்டுச் சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. அதன்படி சாதாரணமாக நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று 2019இல் அரசு அனுமதித்தது. அது கடைக்குக் கொடுத்த அனுமதி. தனி ஊழியரின் 8 மணி நேரம் அதனால் நீளவில்லை. நிற்கும் ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று அதே சட்டத்தில் சேர்க்க 2021 வரை ஆகியிருக்கிறது என்றால், அந்தக் கால்கள் அதுவரை என்ன பாடு பட்டிருக்கும் என்று பாருங்கள்.

நாம் கிளம்பியதும் அவர்கள் கிளம்பிவிடுவதில்லை. நாம் பிரித்துப் போட்ட சேலைகளை மடிப்புக் கலையாமல் மடித்து அடுக்க வேண்டும். ஸ்டாக் சரிபார்க்க வேண்டும். கல்லாக் கணக்கு நேராக வேண்டும். பெருக்க வேண்டும். நம்முடைய பத்து நிமிடம் அங்கே முக்கால் மணி நேரம் ஆகிறது. கடைசிப் பஸ் போய்விட்டால் ஷேர் ஆட்டோவுக்கு அன்றைய கூலியில் ஒரு பங்கு போகிறது. விடுதியில் தங்கும் பெண்களுக்கு ஆறிய சோறுதான் மிச்சம்.

அதற்காக, பார்க்காமல் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. பொருளைப் பார்த்து வாங்குவது மார்க்கம் கொடுத்த உரிமை. ஒன்பது மணிக்கு வேலை முடிந்து அவசரமாக ஓடி வருகிற சகோதரரும் உண்டு. அவர் கேட்டதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிள்ளைக்கு மருந்து வாங்க நள்ளிரவில் மெடிக்கல் கதவைத் தட்டுகிறவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஏசி குளிருக்கு உட்கார்ந்து, வாங்கும் எண்ணமே இல்லாமல் முப்பது சேலையைப் பிரிக்கச் சொல்லி, "நாளைக்கு வர்றோம்" என்று எழுந்து போகிறவர்களைத்தான் சொல்கிறேன். தராவீஹ் முடிந்து நேராக அங்கே போய் இப்படிச் செய்துவிட்டு, வாங்கிய துஆவைப் பற்றிப் பெருமையாகப் பேசுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களிடம் இன்னும் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். "கடைசி ஆள் போகும்வரை யாரும் நகரக்கூடாது" என்று சொல்வது நீங்கள்தான். வாடிக்கையாளரிடம் "நேரமாகிவிட்டது" என்று சொல்லும் சங்கடத்தைச் சம்பளக்காரர் தலையில் போடாதீர்கள். அடைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே மைக்கில் சொல்லுங்கள், அல்லது நீங்களே எழுந்து வந்து இனிய முகத்தோடு சொல்லுங்கள். ரமலான் இரவுகளில் நேரத்தை நீட்டுவதாக இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, நீட்டிய நேரத்துக்கு அன்றே கணக்குப் பார்த்துக் கொடுங்கள். ஊழியர்கள் உங்கள் சகோதரர்கள், சக்திக்கு மீறிய சுமையை அவர்கள் மேல் ஏற்றக்கூடாது என்ற கருத்தில் அபூதர் (ரலி) வழியாக வரும் ஹதீஸ் உங்களுக்குத் தெரியாததல்ல.

வாங்கப் போகிறவர்களுக்கு: முடிந்தால் கடைசிப் பத்துக்குக் காத்திராமல் ஷஃபானிலேயே எடுத்துவிடுங்கள். தாமதமாக நுழைந்துவிட்டால் முதலில், "எத்தனை மணிக்கும்மா அடைப்பீங்க?" என்று கேளுங்கள். எழும்போது, பிரித்ததில் நாலு துணியையாவது மடித்துக் கொடுங்கள்.

இந்த முஹல்லாவிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் இங்கேயும் துபாயிலும் கடைகளில் நிற்கிறார்கள். அல்லாஹ் அவர்களுடைய கால்வலியை இலேசாக்கி, சோறு ஆறுவதற்குள் வீடு கொண்டு சேர்ப்பானாக! ஆமீன்.